1943ஆம் ஆண்டு மோசின் ஸ்னைப்பர் ரைஃபிளை வாங்கலாமா?

கேள்வி: நான் முறையான உரிமம் பெற்று, இலக்குச் சுடும் சங்கமொன்றில் நெடுநாளாகப் பயிற்சி செய்து வருகிறேன். பழைய ராணுவ ரைஃபிள்கள் மீது எனக்கு ஆர்வம் உண்டு. வியாபாரி ஒருவர் ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் ஆலையில் 1943ஆம் ஆண்டு செய்யப்பட்ட மோசின்-நாகாந்த் 91/30 ரைஃபிளைத் தொலைநோக்கியோடு காட்டி, ‘ஸ்டாலின்கிராடு போரில் பயன்பட்ட அசல் ஸ்னைப்பர்’ என்கிறார். சாதாரண 91/30 ரைஃபிளின் விலையைப்போல நான்கு மடங்கு கேட்கிறார். இது அசல்தானா? 300 மீட்டர் இலக்குக்குப் பயன்படுமா? பின்னாளில் விலை ஏறுமா? நான்கு படங்களை இணைத்துள்ளேன்.

பதில்: வணக்கம். உங்கள் கடிதத்தையும் படங்களையும் நிதானமாகப் பார்த்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்கப்படும் விலைக்கு, இந்தப் படங்களை மட்டும் நம்பி இந்த ரைஃபிளை வாங்க வேண்டாம். அதற்காக இப்போதே கைவிட்டுவிடவும் வேண்டாம். நீங்கள் நேரில் சென்று, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிக் குழலின் பின்புறத்தை அடைக்கும், கைப்பிடியுள்ள பாகம்) வெளியே எடுத்து, தொலைநோக்கியையும் அதன் தாங்கியையும் இறக்கிப் பார்க்க அந்த வியாபாரி சம்மதித்தால், இதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பெரும்பகுதி அன்றே தெரிந்துவிடும்.

நான்கு மடங்கு விலை எதற்காகக் கேட்கப்படுகிறது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். சாதாரண 91/30 ரைஃபிளும் ஸ்னைப்பர் ரைஃபிளும் ஒரே ஆலையில், ஒரே அடிப்படை வடிவமைப்பில் உருவானவை. சுட்டுப் பார்த்ததில் துல்லியம் கூடுதலாக இருந்த குழல்களைக் கொண்டவை ஸ்னைப்பருக்கென்று ஒதுக்கப்பட்டன. அவற்றின் ரிசீவரின் (குழலுக்குப் பின்னால், போல்ட் ஓடும் உலோக உடல்) இடப்பக்கத்தில் தொலைநோக்கித் தாங்கி பொருத்தப்பட்டது. வழக்கமான நேர்க்கைப்பிடி தொலைநோக்கியில் இடிக்கும் என்பதால், நீளமாகவும் கீழ்நோக்கி வளைந்தும் இருக்கும் கைப்பிடியுடைய போல்ட் கொடுக்கப்பட்டது. ஆகவே நீங்கள் கூடுதலாகக் கொடுக்கப்போகும் மூன்று பங்கும் அந்தத் தொலைநோக்கிக்கும், தாங்கிக்கும், இவையெல்லாம் ராணுவத்தின் கையிலேயே ஒன்றுசேர்ந்தவை என்பதற்கான சான்றுக்கும்தான் போகிறது. அந்தச் சான்று இல்லையென்றால், மிச்சமிருப்பது கண்ணாடி பொருத்திய ஒரு காலாட்படை ரைஃபிள் மட்டுமே.

ஸ்டாலின்கிராடு கதையை உடனே ஒதுக்கிவிடலாம். அந்தப் போர் 1943 பிப்ரவரி 2ஆம் தேதி முடிவுக்கு வந்தது. குழல் ரிசீவரோடு சேரும் அடிப்பகுதியில் 1943 என்று பொறிக்கப்பட்ட ரைஃபிள் அங்கே போயிருக்க வேண்டுமென்றால், அது ஜனவரி மாதத்திலேயே செய்யப்பட்டு, சோதிக்கப்பட்டு, தொலைநோக்கி பொருத்தப்பட்டு, போர்முனைக்குப் போய்ச் சேர்ந்து, ஒரு வீரரின் கைக்கும் வந்திருக்க வேண்டும். நடைமுறையில் இதை நம்புவதற்கு இடமே இல்லை. ஆண்டு 1942 என்றிருந்தாலும்கூட, குறிப்பிட்ட வரிசை எண்ணுள்ள ரைஃபிள் குறிப்பிட்ட படைப்பிரிவிடம் இருந்தது என்று காட்டும் எழுத்துச் சான்று விற்பவரிடம் இல்லாதவரை அந்தக் கதைக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. இந்தக் கதையை வியாபாரி தானே புனைந்தார் என்று நான் சொல்லவில்லை. தனக்கு விற்றவர் சொன்னதை அவர் அப்படியே திருப்பிச் சொல்லியிருக்கலாம். ஆனால் தேதியைக்கூடச் சரிபார்க்காதவர் சொல்லும் மற்ற விவரங்களையும் நீங்களே சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்பது மட்டும் உறுதி.

இந்த வகை ரைஃபிள் உருவான விதத்தைத் தெரிந்துகொண்டால், எதைத் தேட வேண்டும் என்பதும் விளங்கும். 1891ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட மோசின் ரைஃபிள் 1930இல் திருத்தப்பட்டு 91/30 ஆயிற்று. போருக்கு முந்தைய ஸ்னைப்பர்களில் 4 மடங்கு பெரிதாக்கும் பி.ஈ. வகைத் தொலைநோக்கி இருந்தது. உங்கள் படத்தில் இருப்பது 3.5 மடங்கு பெரிதாக்கும் பி.யூ. வகை. இது முதலில் எஸ்.வி.டி.-40 என்னும் அரைத் தானியங்கி ரைஃபிளுக்காக வடிவமைக்கப்பட்டுப் பின்னர் 1942இல் மோசினுக்கு ஏற்றபடி கொச்செத்தவ் தாங்கியோடு பொருத்தப்பட்டது. இஷெவ்ஸ்க் ஆலை 1942 முதலும், துலா ஆலை 1943, 1944 ஆண்டுகளிலும் இவற்றைச் செய்தன. ஆலை முத்திரையில் முக்கோணத்துக்குள் அம்பு இருந்தால் இஷெவ்ஸ்க். நட்சத்திரத்துக்குள் அம்பு இருந்தால் துலா. உங்கள் முதல் படத்தில் முக்கோண முத்திரை தெளிவாகத் தெரிகிறது. ஆலையும் ஆண்டும் பி.யூ. ஸ்னைப்பருக்குப் பொருந்தியே வருகின்றன. ஆனால் அதே ஆலை அதே ஆண்டில் பெரும் எண்ணிக்கையில் சாதாரண ரைஃபிள்களையும் செய்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

போர் முடிந்தபின் நடந்ததுதான் வாங்குபவருக்கு மிக முக்கியமான பகுதி. ஏராளமான ஸ்னைப்பர் ரைஃபிள்களிலிருந்து தொலைநோக்கியும் தாங்கியும் கழற்றப்பட்டு, ரிசீவரில் இருந்த துளைகள் திருகுத் துண்டுகளால் அடைக்கப்பட்டு, மேலே பற்றவைத்துத் தேய்த்துச் சமப்படுத்தப்பட்டு, அவை சாதாரண ரைஃபிள்களாகக் கிடங்குக்குத் திரும்பின. பல ஆண்டுகளுக்குப்பின் உபரியாக வெளிநாடுகளுக்கு விற்கப்பட்டபோது, அந்த அடைப்புகளைக் கண்டுகொண்ட சிலர் துளைகளை மறுபடி திறந்து, இப்போது புதிதாகச் செய்யப்படும் தாங்கியையும் நகல் தொலைநோக்கியையும் பொருத்தி விற்கத் தொடங்கினார்கள். வேறு சிலர் எந்தக் காலத்திலும் ஸ்னைப்பராக இருந்திராத ரைஃபிளிலேயே புதிதாகத் துளையிட்டார்கள். ஆகையால் கிடங்கிலிருந்து ஸ்னைப்பராகவே வெளிவந்தது, ஒரு காலத்தில் ஸ்னைப்பராக இருந்து பின்னர் தனியாரால் மீண்டும் அப்படி ஆக்கப்பட்டது, ஒருபோதும் ஸ்னைப்பராக இல்லாதது என மூன்று வகை ரைஃபிள்கள் ஒரே தோற்றத்தில் சந்தையில் இருக்கின்றன. இரண்டாம் வகையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அதன் குழல் தேர்ந்தெடுக்கப்பட்ட குழல்தான். நேர்மையாக அப்படியே சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் சுடுவதற்கு அது நல்ல தேர்வு. முதல் வகையின் விலையை அதற்குக் கேட்பதுதான் தவறு.

நேரில் செல்லும்போது, துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டபின், முதலில் குழலின் அடிப்பகுதியின் இடப்பக்கத்தைப் பாருங்கள். பி.யூ. ஸ்னைப்பர்களில் தொலைநோக்கியின் எண் அங்கே பொறிக்கப்படுவது வழக்கம். பழுதுபார்க்கும் கிடங்குகளில் தொலைநோக்கிகள் இடம் மாறியதால், பழைய எண் கோடிட்டு அடிக்கப்பட்டுப் புதிய எண் பொறிக்கப்பட்டிருப்பதையும் காணலாம். அது குறையாகாது, இன்னும் சொல்லப்போனால் அது ராணுவத்தின் கையெழுத்துப் போன்றது. அங்கே எண்ணே இல்லாவிட்டால், அல்லது பழைய முத்திரைகள் மழுங்கியிருக்க அந்த எண் மட்டும் நேற்றுப் பொறித்ததுபோலக் கூர்மையாக இருந்தால், அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். உங்கள் நான்கு படங்களும் வலப்பக்கத்திலிருந்தும் மேலிருந்துமே எடுக்கப்பட்டுள்ளன. வியாபாரி வேண்டுமென்றே தவிர்த்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஸ்னைப்பரை விற்க வந்தவர் முதலில் காட்ட வேண்டியது அந்த இடப்பக்கத்தைத்தான்.

அடுத்து, தாங்கியைக் கழற்றச் சொல்லுங்கள். இரண்டு பெரிய திருகுகளும் இரண்டு நிலைநிறுத்தும் ஊசிகளும் அதைப் பிடித்திருக்கும். தாங்கிக்கு அடியில் இருக்கும் பரப்பில், அடைத்துத் திறந்த துளைகளின் ஓரங்களில் பற்றவைப்பின் வளையம், நிறம் மாறிய எஃகு, தேய்ப்புக் கீறல்கள் தென்படும். ரிசீவரின் உட்சுவரையும் விளக்கடித்துப் பாருங்கள். வெளியே மெருகேற்றி மறைத்தவர்கள் உள்ளே மறைக்க மறந்துவிடுவதை என் பட்டறைக்கு வரும் ரைஃபிள்களில் அடிக்கடி காண்கிறேன். அதன்பின் போல்ட்டைக் கையில் எடுத்து, வளைந்த கைப்பிடி உடலோடு சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். நேர்க்கைப்பிடியை வெட்டிவிட்டு வேறொன்றைப் பற்றவைத்திருந்தால் அங்கே தடம் இருக்கும். உங்கள் இரண்டாம் படத்தில் அதே இடத்தில் ஒரு மெல்லிய கோடு தெரிகிறது. நிழலாகவும் இருக்கலாம், ஆனாலும் அதைப் பார்த்த பிறகு என்னால் அதை விட்டுவிட முடியவில்லை. ரைஃபிளின் மரக்கட்டையில் தாங்கிக்காகவும் கைப்பிடிக்காகவும் வெட்டப்பட்ட பள்ளங்களின் உட்பகுதி, மற்ற மரப்பரப்பைப்போலவே எண்ணெயும் அழுக்கும் ஏறிக் கருத்திருக்க வேண்டும். வெளிர்நிறப் புது மரம் தெரிந்தால் அந்தப் பள்ளம் அண்மையில் வெட்டப்பட்டது.

போல்ட்டிலும் குழலிலும் ஒரே எண் இருப்பதை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிடங்குகளில் பழுதுபார்த்தபோது, கைக்குக் கிடைத்த போல்ட்டைப் பொருத்திப் பழைய எண்ணை அழித்துவிட்டு, ரைஃபிளின் எண்ணை அதில் பொறிப்பது வழக்கமாக இருந்தது. கட்டத்தின் குறுக்கே சாய்கோடு இழுத்ததுபோன்ற முத்திரையும், கட்டையில் செம்பழுப்பாக மினுக்கும் அரக்குப் பூச்சும் அப்படிப் பழுதுபார்க்கப்பட்டதன் அடையாளங்கள். இன்று சந்தைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவையே. இதற்காக விலையை ஓரளவு குறைத்துக் கேட்கலாமே தவிர, வாங்காமல் விட வேண்டியதில்லை. ஒருவேளை வாங்கினால், அந்த அரக்கைச் சுரண்டி ‘அழகுபடுத்த’ முனையாதீர்கள். சேகரிப்பாளர் ஒருவர் கொடுக்கக்கூடிய விலையில் பெரும்பகுதி அந்த ஒரு மாலையில் போய்விடும்.

தொலைநோக்கியை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். கண்ணாடியின் ஓரத்தில் சிலந்திவலைபோலப் படர்ந்திருப்பது பூஞ்சை. வானவில் நிறத்தில் விளிம்புகள் தெரிந்தால் கண்ணாடிகளை ஒட்டிய பசை விலகத் தொடங்கிவிட்டது. இரண்டையும் சரிசெய்யக்கூடியவர்கள் மிகக் குறைவு, செலவும் அதிகம். பி.யூ. தொலைநோக்கியில், மேலிருக்கும் உருளையையும் பக்க உருளையையும் திருகும்போது, உள்ளே இருக்கும் குறிக்கோடுகள் பார்வை வட்டத்தின் நடுவிலிருந்து நகர்ந்து போகும்; இன்றைய தொலைநோக்கிகளைப்போல எப்போதும் நடுவிலேயே நிற்காது. அதனால் தாங்கி அந்த ரைஃபிளுக்கென்று சரியாக ஒத்துப்பொருத்தப்பட்டிருந்தால், 100 மீட்டருக்குக் குறிவைத்த நிலையில் கோடுகள் ஏறத்தாழ நடுவில் இருக்கும். அவை ஒரு மூலைக்கு ஒதுங்கியிருந்தால், தொலைநோக்கியும் ரைஃபிளும் வேறு வேறு இடத்திலிருந்து வந்து சேர்ந்தவை என்றும், கிடங்கில் ஆயுதக் கைவினைஞர் செய்திருக்க வேண்டிய பொருத்து வேலை நடக்கவே இல்லை என்றும் கொள்ளலாம். நகல் தொலைநோக்கிகள் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும். ஆகவே தெளிவு அசல்தன்மைக்குச் சான்றாகாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. சுடுவதற்காக வாங்குகிறீர்கள் என்றால், முத்திரைகளைவிடக் குழலே முக்கியம். இந்த ரைஃபிள்களுக்கு வந்த ராணுவத் தோட்டாக்களில் பெரும்பாலானவற்றின் பற்றுமுனையில் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் அடிப்பாகம்) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் குழலுக்குள் தங்கும் உப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்து எஃகை அரித்துவிடும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் கழுவித் துடைத்து, உலர்ந்தபின் எண்ணெய் தடவியிருக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் விட்டவர்களின் கையில் இருந்த குழல்கள் உள்ளே கருத்தும் குழிவிழுந்தும் இருக்கும். கருத்திருந்தாலும் உட்புரிகளின் (குண்டைச் சுழலவைக்கும் சுருள் வரிகள்) விளிம்பு கூர்மையாக இருந்தால் அது நன்றாகச் சுடக்கூடும். பளபளப்பாக இருந்தும் விளிம்புகள் மழுங்கியிருந்தால் சுடாது. பளபளப்பைப் பார்த்து ஏமாறுபவர்கள்தான் அதிகம்.

குழலின் வாய்ப்பகுதி இன்னும் முக்கியம். வாய்ப்பக்கமிருந்து துப்புரவுக் கம்பியைச் செலுத்தித் தேய்த்ததால் அந்த இடம் அகன்றுபோவது சாதாரணம். வெடிமருந்தும் பற்றுமுனையும் இல்லாத போலித் தோட்டா ஒன்றை எடுத்துச்சென்று, அதன் குண்டை வாயில் மெல்ல வைத்துப் பாருங்கள். பித்தளை உறையின் விளிம்பு வாயைத் தொடும் அளவுக்குக் குண்டு முழுவதும் உள்ளே போய்விட்டால், தேய்வு கடுமையானது. சில ரைஃபிள்களில் தேய்ந்த பகுதியைக் கிடங்கிலேயே அகலமாகக் குடைந்து, புரிகள் சற்று உள்ளே தொடங்கும்படி செய்திருப்பார்கள். அப்படிக் குடையப்பட்டது ஓரளவு நன்றாகச் சுடும் என்றாலும், ஸ்னைப்பர் விலைக்கு அதை நான் வாங்கமாட்டேன். தேர்ந்தெடுத்த குழல் என்பதற்காகத்தானே அந்த விலை?

ஹெட்ஸ்பேஸ் அளவைப் பார்க்காமல் ஒரு தோட்டாவையும் போடக் கூடாது. மூடிய போல்ட்டின் முகத்துக்கும், தோட்டாவின் விளிம்பு பதிந்து அமரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி அது. மோசினின் 7.62×54 ஆர் தோட்டா அடிவிளிம்புள்ளது. போல்ட்டின் தலைப்பகுதி தனியாகக் கழலக்கூடியது. வேறொரு ரைஃபிளின் போல்ட் தலையை மாட்டினாலே இந்த அளவு மாறிவிடும். இடைவெளி அதிகமானால் உறை கிழிந்து, கொதிக்கும் வாயு முகத்தை நோக்கி வரலாம். இதற்கான கேஜ்களை (அளவுக் கருவிகளை) வைத்திருக்கும் துப்பாக்கி பழுதுபார்ப்பவர் ஒருவரைத் தேடுங்கள். அவரையும் கூட்டிச் செல்லுங்கள், அல்லது அவரிடம் கொண்டுவந்து காட்டும்படி வியாபாரியைக் கேளுங்கள். இந்த ஒன்றில் மட்டும் எந்தச் சமாதானத்தையும் ஏற்க வேண்டாம்.

இவையனைத்தும் சரியாக இருந்தால் 300 மீட்டரில் என்ன எதிர்பார்க்கலாம்? நல்ல குழலும் அதற்கு ஒத்துப்போகும் தோட்டாவும் அமைந்தால் 2 அல்லது 3 கோண நிமிடத்துக்குள் குண்டுகள் விழும். ஒரு கோண நிமிடம் 100 மீட்டரில் சுமார் 29 மில்லிமீட்டர். அப்படியானால் 300 மீட்டரில் உங்கள் குண்டுகள் சுமார் 17 முதல் 26 சென்டிமீட்டர் அகலத்துக்குள் விழும். இன்று சாதாரணமாகக் கிடைக்கும் வேட்டை ரைஃபிள்கள் பலவும் இதைவிட நெருக்கமாகச் சுடும். தொலைநோக்கி மிக உயரத்தில் அமர்ந்திருப்பதால் கன்னம் கட்டையில் சரியாகப் பதியாது. தொலைநோக்கி மாட்டியிருக்கும்போது தோட்டாப் பட்டையை மேலிருந்து செருக முடியாததால், ஐந்து தோட்டாக்களையும் ஒவ்வொன்றாகவே உள்ளே தள்ள வேண்டும். குழலின் உட்பள்ள விட்டம் ரைஃபிளுக்கு ரைஃபிள் மாறும். ஆகையால் குழலை அளந்து, அதற்கேற்ற குண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 0.308 அங்குல விட்டமுள்ள குண்டுகள் பெரும்பாலான மோசின் குழல்களுக்குச் சிறியவை. பழைய வீரர்கள் கையாண்ட கருவியை அவர்கள் கையாண்டபடியே கையாளும் நிறைவு உங்களுக்கு வேண்டுமென்றால், இத்தனை சிரமத்துக்கும் இது தகுதியானது என்றே நான் மனமார நம்புகிறேன். போட்டியில் மதிப்பெண் எடுப்பதுதான் நோக்கம் என்றால், அதே பணத்துக்கு நவீன இலக்கு ரைஃபிள் ஒன்றை வாங்குங்கள்.

மற்ற நாடுகளின் ஸ்னைப்பர்களையும் பார்க்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு நம்பர் 4 (டி) எனக்கு மிகவும் பிடித்தமானது. பெரும்பாலானவை ஹாலண்ட் அண்டு ஹாலண்ட் நிறுவனத்தால் மாற்றியமைக்கப்பட்டவை; தொலைநோக்கியின் எண் கட்டையின் கழுத்துப் பகுதியிலும், ரைஃபிளின் எண் தாங்கியிலும் பொறிக்கப்பட்டிருக்கும், எனவே பொருத்தத்தைச் சரிபார்ப்பது எளிது. கன்னம் பதிய மரத்துண்டும் உண்டு. ஆனால் விலை மோசினைவிட மிக அதிகம். அமெரிக்க எம்1903ஏ4 ரைஃபிளில் முன்முனைக் குறி இருக்காது, ரிசீவரின் எழுத்துகள் தாங்கியால் மறையாதபடி இருபக்கமும் பிரிந்திருக்கும். எழுத்துகள் தாங்கிக்கு அடியில் போய் மறைந்தால் அது சாதாரண ஏ3 ரைஃபிளிலிருந்து ஆக்கப்பட்டது. ஜெர்மானிய கே98கே ஸ்னைப்பர்களில் போலிகள் மலிந்திருப்பதால், அந்த வகையை மட்டுமே பல்லாண்டு ஆராய்ந்தவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொடவே வேண்டாம். ருமேனிய பி.எஸ்.எல். ரைஃபிளை ‘திராகுனவ்’ என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. வெளித்தோற்றம் ஒத்திருந்தாலும் உள்ளமைப்பு வேறு. சோவியத் திராகுனவ் 1963இல் ஏற்கப்பட்ட தனி வடிவமைப்பு.

விலை ஏறுமா என்ற கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். எண்கள் பொருந்தும், கிடங்கிலிருந்து வந்தபடியே இருக்கும் ஸ்னைப்பர்கள் குறைந்துகொண்டே வருவதால் அவற்றின் மதிப்பு பொதுவாக நிலைத்து நிற்கிறது. தனியார் மாற்றியமைத்தவற்றுக்கு அந்த நம்பிக்கை கிடையாது. ஆயினும் இதை முதலீடு என்று நினைத்து வாங்க வேண்டாம். இறக்குமதிக் கதவு ஒன்று திறந்தாலோ, சட்டம் ஒன்று மாறினாலோ, விலை எந்தப் பக்கமும் சாயும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராணுவ அளவுத் தோட்டாவைச் சுடும் துப்பாக்கிகளைக் குடிமக்கள் வைத்திருக்கவே சில நாடுகள் அனுமதிப்பதில்லை. உங்களிடம் உரிமம் இருப்பது மட்டும் போதாது. இந்தக் குறிப்பிட்ட தோட்டா அளவுக்கும் இந்த வகை ரைஃபிளுக்கும் அது செல்லுமா என்று உரிமம் வழங்கிய அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். குழலில் உள்ள எண்ணும் விற்பனை ஆவணத்தில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ரஷ்ய எழுத்துகளை ஆவணத்தில் தவறாக எழுதிவிடுவது அடிக்கடி நடப்பதால் அதையும் கவனியுங்கள்.

இப்போதைக்கு, வியாபாரியிடம் மூன்று படங்கள் மட்டும் கேளுங்கள்: குழல் அடிப்பகுதியின் இடப்பக்கம், தாங்கியைக் கழற்றிய நிலையில் ரிசீவர், போல்ட் கைப்பிடியின் அடிப்புறம். எண் பொருந்தி, பற்றவைப்புத் தடம் எதுவும் இல்லாமல், ஹெட்ஸ்பேஸ் அளவும் சரியாக வந்தால், சாதாரண 91/30 விலையைப்போல மூன்று மடங்கில் பேச்சைத் தொடங்கி, நான்கு வரை போனாலும் நான் தடுக்கமாட்டேன். மாற்றியமைக்கப்பட்டது என்று தெரிந்தால், சாதாரண ரைஃபிளின் விலையோடு நகல் தொலைநோக்கி, தாங்கி ஆகியவற்றின் விலையைச் சேர்த்தால் வரும் தொகைக்கு மேல் கொடுக்க வேண்டாம். தாங்கியைக் கழற்ற மாட்டேன் என்று அவர் மறுத்தால் அத்துடன் விட்டுவிடுங்கள். படங்கள் கிடைத்தால் எனக்கும் அனுப்பிவையுங்கள். நான் பார்த்துப் பதில் எழுதும்வரை முன்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம்.